கொதிக்க வைத்துப் பார்த்தீர்களா?

செல்கள் வளரும் இன்குபேட்டரைத் திறக்குமுன் அவள் அதன் கதவை விரல் கணுவால் இரண்டு முறை தட்டுவாள். மெதுவாக, உள்ளே யாரோ தூங்குவதுபோல. பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு, கைப்பிடியைப் பாதியில் ஒரு கணம் நிறுத்தித் திறப்பாள். இருபத்திரண்டு வருடப் பழக்கம். புவியியல் வாத்தியாரான அவள் கணவர் ஒருநாள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தபோது அதைப் பார்த்துவிட்டார்.

"என் ரூமுக்குள்ள மட்டும் புயல் மாதிரி வர்றே. இதுங்களுக்கு மரியாதையைப் பாரு."

"நீங்க கோவிச்சுக்கிட்டா ஒரு வேளை சாப்பிடமாட்டீங்க. இதுங்க செத்தே போயிடும்."

நோயெதிர்ப்பு செல் ஒன்றின்மேல் கிருமி வந்து மோதினால் அந்தச் சேதி உள்ளே எப்படிக் கைமாறிப் போகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. ஆறு வருடங்களுக்கு முன் ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தாள். கிருமியே வேண்டாம், அந்தப் புரதம் பட்டாலே செல்கள் அலறியடித்து எழுந்தன. எழுந்தால் பச்சையாக ஒளிரும்படி அவற்றை அவளே மாற்றி வைத்திருந்தாள். கட்டுரையைப் பெரிய ஆய்விதழுக்கு அனுப்பியாயிற்று. வெளிவந்தால் நிதி நீண்டு ஆய்வுக்கூடத்துக்கு இன்னும் ஐந்து வருட ஆயுள். வராவிட்டால் ஜூன் மாதம் பூட்டு.

ஆய்விதழுக்காகக் கட்டுரையைப் படித்த நிபுணரின் கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தது. இரண்டு பக்கம் பாராட்டு. கடைசியில் ஒற்றை வரி: புரதத்தைக் கொதிக்க வைத்துப் பார்த்தீர்களா?

அவள் அந்த வரியை இன்னொரு முறை படித்தாள்.

அந்தப் புரதத்தைப் பாக்டீரியாவுக்குள் விளைவித்துத்தான் பிரித்தெடுக்க வேண்டும். எத்தனை அலசினாலும் துணியில் சோப்பு வாசம் தங்குவதுபோல் பாக்டீரியாவின் உடல் துணுக்கு கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரலாம். செல்களை எழுப்ப அந்த அழுக்கே போதும். கொதித்தால் புரதம் கெட்டுவிடும். அழுக்குக்கு ஒன்றும் ஆகாது. கொதித்த பிறகும் செல்கள் ஒளிர்ந்தால், எழுப்பியது அழுக்குதான். முதல் தடவை தயாரித்தபோது சோதித்தாள், சுத்தம் என்று வந்தது. அதன்பின் நாற்பது தடவை தயாரித்தும் திரும்பச் சோதிக்கவில்லை. முதல் பிரசவம் சுகமாக ஆனதை நம்பி மற்றவற்றுக்கு ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதவள் மாதிரி. முதல் தடவை ஒளி மங்கல்தான். போகப் போகப் பிரகாசம் கூடியபோது, கை பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டிருந்தாள்.

தயாரிப்பு வேலையெல்லாம் பார்ப்பது அவளைவிட மூத்த உதவியாளர் அம்மாள்.

"அக்கா, ஒரு டியூபைக் கொதிக்க வைக்கணும்."

அந்த அம்மாள் கையுறையைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். "எதுக்கு டாக்டரம்மா? எல்லாம்தான் முடிஞ்சு போச்சே."

"கேட்டிருக்காங்க."

"எத்தனையோ காட்டியிருக்கோம். இதையும் பாத்தாச்சு, சரியா இருக்குன்னு எழுதிப் போட்டுடுங்களேன்."

"எழுதலாம். நம்பிடுவாங்க."

"அப்புறம் என்ன?"

"அதுதான்க்கா பயமா இருக்கு."

பத்து மணிக்குக் கொதித்த குழாயிலிருந்து செல்கள் இருந்த ஒரு தட்டில் விட்டார்கள், கொதிக்காததை இன்னொன்றில், புரதம் இல்லாத வெறும் திரவத்தை மூன்றாவதில். ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். கழுவிய கோப்பையைத் திரும்பக் கழுவினாள். ஜன்னலுக்கு வெளியே ஒருவர் காரை நிறுத்தமுடியாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தார்; அவர் நிறுத்திவிட்டால் எல்லாம் நல்லபடி முடியும் என்று நினைத்துக்கொண்டாள். அவர் வேறு தெருவுக்குப் போய்விட்டார்.

கடிதத்தைப் பற்றிக் காலையிலேயே கணவரிடம் சொல்லியிருந்தாள். மதியம் அவர் கூப்பிட்டார். "சாப்பிட்டியா?"

"இன்னும் இல்லை. நாலு மணி ஆகட்டும்."

"ஒரே ஒரு கேள்விக்கா? என் ஸ்கூல் பசங்க பரீட்சைல பத்துக் கேள்விய விட்டுட்டு சிரிச்சுக்கிட்டே வர்றானுங்க."

"அவனுங்க ஆறு வருஷமா அதே பரீட்சைய எழுதலைங்க."

அவர் சிரிக்கவில்லை. பார்த்ததும் கூப்பிடச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

நாலு மணிக்கு மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தாள். வெறும் திரவம்: இருட்டு. கொதிக்காதது: பச்சை. கொதித்ததை விட்ட தட்டை நகர்த்திவைத்துத் திருகைத் திருப்பினாள். படம் தெளிந்தபோது அங்கேயும் பச்சை. அதே பச்சை, ஒரு இழைகூடக் குறையாமல். தட்டு மாறிவிட்டதா என்று எழுதியிருந்ததைப் படித்தாள். மாறவில்லை. ஆறு வருடமாக அவள் அளந்தது அழுக்கை.

உதவியாளர் அம்மாளும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அன்று மாலையே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதினாள். அவளிடமிருந்து புரதம் வாங்கியிருந்த வேறு இரண்டு ஆய்வுக்கூடங்களுக்கும் காரணத்தோடு எழுதினாள். ஜூனில் பூட்டு விழுந்தது. இப்போது ஒரு தடுப்பூசித் தொழிற்சாலையின் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறாள். கையெழுத்துப் போட்டு அனுப்பிய தாளை வாரம் இரண்டு தடவையாவது திரும்ப வாங்கிச் சரிபார்ப்பதாக அங்கே அவளைக் கேலி செய்கிறார்கள்.

பின்னால்தான், ஓய்வு பெற்று ஒரு வருடம் கழித்து, உதவியாளர் அம்மாள் அதைச் சொன்னார். கடிதம் வருவதற்கு இரண்டு வருடம் முன்பு ஒருநாள், ஒரு குழாயைத் தவறுதலாக ஹீட்டரில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது அது கொதித்துக்கொண்டிருந்தது. திட்டுக்குப் பயந்து, யாரிடமும் சொல்லாமல் அதையே செல்களில் விட்டிருக்கிறார். வழக்கம்போல் பச்சை. நல்லவேளை, ஒன்றும் கெடவில்லை என்று நிம்மதியாகி ஒளியின் அளவை நோட்டில் குறித்துவிட்டார். அந்த அளவும் கட்டுரையின் மூன்றாவது வரைபடத்தில், மற்ற புள்ளிகளுக்கு நடுவே ஒரு புள்ளியாக இருந்தது.