தக்கை திறக்காத பீரின் நிறம்

கல்கத்தாவில் கிடர்பூர் துறைமுகம். பினாங்கிலிருந்து வந்திறங்கிய என் பெட்டியைச் சோதிக்க வேண்டிய சுங்க குமாஸ்தா கும்பகோணத்து அய்யர். அதற்கு முன் சீமை பீரின் நிறத்தை அளந்து துரைக்கு ரிப்போர்ட் எழுத வேண்டுமாம். காத்திருக்கிறேன்.

மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு, ஜன்னலோரம் வைத்த பாட்டிலின் பக்கத்தில் சாயக் கண்ணாடி வில்லைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்க்கிறார். எந்த வில்லை ஒத்துப்போகிறதோ அதன் எண்தான் பீரின் நிறம். பாட்டிலோ கரும்பழுப்பு. தக்கையை அவர் பிடுங்கவே இல்லை.

“ஏன் ஓய், கிளாஸிலே ஊத்திப் பாக்க வேண்டாமோ?” என்கிறேன்.

“சிவசிவா! அந்த வாடை பட்டா ஸ்நானம் பண்ணணும். ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு ஸ்நானம்னு பண்ண முடியுமோ?”

“அப்போ நீர் எழுதறது பாட்டிலோட நிறம்னா?”

“இருந்தா என்ன? வேலைக்கு வந்த நாளா என் ரிப்போர்ட்டிலே ஒரு மாத்தம் கிடையாது. துரையே மெச்சிக்கறார்!”

துரை வருகிறார். ரிப்போர்ட்டைப் படிக்காமலே கையெழுத்திடுகிறார். தக்கை அசையவில்லை என்பதை மட்டும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போகிறார்.

இப்போது என் பெட்டியின் முறை. அதை மட்டும் அய்யர் திறந்து, அடிவரை கொட்டிப் பார்க்கிறார்.