கோமளாவின் இடது கால்

சத்தியமா நடந்தது. நம்பாதவங்க இதோட நிறுத்திக்கலாம், எனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல.

பாரிவாக்கம் கிட்ட ஒரு தண்ணி லாரி என் சம்சாரம் கோமளாவோட இடது பாதத்து மேல ஏறிடுச்சு. தொடையிலேர்ந்து தோலை எடுத்து பாதத்துல வச்சு ரெண்டு வாட்டி தைச்சாங்க. ரெண்டு வாட்டியும் அழுகிப்போச்சு. மூணாவது ஆபரேஷன்ல தையலே இல்ல, ஃபைப்ரின்னு ஒரு பசை. மனுச ரத்தத்துலேர்ந்து எடுக்கிறதாம். "அடியில நீர் கோக்காம ஒட்டிக்கணும். இந்தத் தடவையும் ஒட்டலைன்னா பாதத்தை எடுத்துடணும்"னு டாக்டர் சொல்லிட்டார். தையல் மிஷின் மிதிச்சு சம்பாதிக்கிறவ அவ.

பூந்தமல்லியில ஒரு சின்ன ஆஸ்பத்திரி. ஆபரேஷன் முடிஞ்சு மதியம் ரெண்டு மணிக்கு அவளை ரூமுக்குக் கொண்டாந்தாங்க. வெளிய அடைமழை. முதுகுல ஊசி போட்டதால இடுப்புக்குக் கீழ மரத்துக் கெடந்துச்சு. வலது கால் கட்டைவிரலைக் கிள்ளிப் பாத்தேன். அவளுக்குத் தெரியவே இல்ல.

ரெண்டே காலுக்கு முனகினா.

"இன்னாங்க... கால வுடுங்க."

நான் ஜன்னல் கிட்ட நின்னுகினு இருந்தேன்.

"யாரு புடிச்சா?"

"யாரோ அமுக்குறாங்க... ஜில்லுனு கீது."

மரத்துப்போன காலுக்கு இன்னா தெரியும்னு கிட்டப் போனேன்...

இடது பாதத்துக் கட்டு மேல நாலு குழி. விரலால அமுக்குன மாதிரி. நான் பாத்துகினு இருக்கும்போதே ஆழமாச்சு.

கிறீச்...

கட்டில் ஓரம் மெத்தை அமுங்குச்சு. யாரோ உக்காந்தாங்க.



"வுடச் சொல்லுங்க..." கோமளா அழுதா.

பயத்துல எனக்குக் கோவம் வந்துச்சு. கோவம் வந்தா நான் மனுசனே இல்ல.

"யாரா இருந்தாலும் சரி. எம் பொண்டாட்டி மேலேர்ந்து கைய எடு."

மழைச் சத்தம்...

ஒவ்வொரு குழியா மேல வந்துச்சு.

மெத்தை நிமுந்துச்சு.

கோமளா தூங்கிட்டா. நான் வேண்டாத சாமி இல்ல.

அஞ்சாம் நாள் கட்டைப் பிரிச்சாங்க. அடியில நீர் கோத்து, வச்ச தோல் கறுத்துக் கெடந்துச்சு. நாலே நாலு இடம் ரோஸ் கலர்ல அழகா ஒட்டியிருந்துச்சு. விரல் நுனி அளவுக்கு.

"இங்க யார் அழுத்திப் பிடிச்சது?"ன்னு டாக்டர் கேட்டார்.

நான் கட்டில் ஓரத்தைப் பாத்தேன்.

"நல்ல கை. விடாம பிடிச்சிருந்தா கால் பிழைச்சிருக்கும்."

கோமளா என் மூஞ்சியையே பாத்தா.

மறுநாள் காலையில பாதத்தை எடுத்துட்டாங்க.