மேலே வராதீங்க அண்ணா

உங்கள் வீட்டில் வயசானவர் ஒருவர் நாற்காலியிலிருந்து எழப் பார்த்தால், உங்கள் வாயில் முதலில் என்ன வரும்? "நீங்க உக்காருங்க, நான் எடுத்தாறேன்" தானே? எங்கள் வீட்டிலும் அதே டயலாக்தான். பாசம் என்ற பேரில் அத்தையை நாற்காலியோடு சேர்த்து ஒட்டியே விட்டோம்.

அத்தை, அப்பாவின் அக்கா. ஓசூரில் எங்களோடு முதல் மாடியில் இருக்கிறார். போன மழைக்காலத்துக் காய்ச்சல் அவர் மூட்டுகளையெல்லாம் முறுக்கிப் போட்டுவிட்டது. காய்ச்சல் போனது, நாற்காலி போகவில்லை. தண்ணீர், மாத்திரை, காபி எல்லாம் கைக்கே வந்தன. பிசியோதெரபிக்குப் போனபோது அங்கிருந்த அக்கா பட்டென்று சொன்னார்.

"இப்படியே உக்காந்திருந்தா கால்ல இருக்கற பலமும் போயிடும்மா. அப்புறம் பாத்ரூம் போகக்கூட ஆள் வேணும்."

 திரும்பி வரும்போது, ஆட்டோ எங்கள் தெருவுக்குள் நுழைகையில் அத்தை சொன்னார். "அந்த நெலம மட்டும் எனக்கு வேணான்டி. ஒருத்தர் கையப் புடிச்சினு அங்க போறதா? சீ!"

போதாதா? வீடு வந்ததும் தண்ணீர் ஜக்கைச் சாப்பாட்டு மேசைக்கு மாற்றினேன், ரிமோட்டை டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன். அம்மா, "பாவம்டி அண்ணி" என்று புலம்பினார். அத்தையோ என் மேலேயே பாய்ந்தார்.

"ஏன்டி, ஒர்க் ஃப்ரம் ஹோம்னு காலைலேர்ந்து அந்த சேர்லயே குந்தினு கெடக்கற. எனக்கு மட்டும் சட்டமா? நீ எந்திரி, நானும் எந்திரிக்கிறேன்."

நியாயம்தான். என் மீட்டிங் முடியும்போதெல்லாம் இரண்டு பேரும் எழுந்தோம். அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்பார், நான் என் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். யாருக்கு வயசு அதிகம் என்று பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

எங்கள் திட்டத்தைக் கெடுத்தவர் காய்கறி வண்டிக்கார அண்ணன். காய்ச்சலுக்கு முன்னால் அத்தை பால்கனியில் நின்று, கயிறு கட்டிய கூடையை இறக்கி, கன்னடமும் தமிழும் கலந்து அவரோடு சண்டை போட்டுத்தான் வாங்குவார். இப்போது அண்ணன் பரிதாபப்பட்டு மாடியேறி வந்து, தக்காளியை மடியிலேயே கொட்டிவிட்டுப் போனார். ஒருநாள் அவர் பின்னாலேயே இறங்கி ஓடினேன்.

"அண்ணா, நாளைலேர்ந்து மேல வராதீங்க."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "பெரியவங்களுக்கு ஒத்தாச பண்ணா உனக்கின்னா பாப்பா கஷ்டம்?"

பிசியோதெரபி அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன்.  கேட்டதும் சிரித்தார். "அவ்ளோதான? உங்க அத்தய நிக்க வெக்கறது என் வேல."

மறுநாள் கீழேயிருந்து அவர் குரல் தெருவையே எழுப்பியது. "அம்மா! தக்காளி வெல ஏறிடுச்சி! உங்களுக்குன்னாலும் கம்மி கெடையாது!"

அத்தை இரண்டு கையையும் நாற்காலியின் கைப்பிடியில் ஊன்றினார். நான் எழவில்லை, அம்மாவையும் கண்ணாலேயே தடுத்தேன். கால் நடுங்கியது. முதல் முறை பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் முறை எழுந்தே விட்டார். சுவரைத் தடவிக்கொண்டே போய்ப் பால்கனிக் கம்பியைப் பிடித்தார்.

"எங்கய்யா ஏறிச்சி? ராயக்கோட்டை சந்தையில கொட்டிக் கெடக்குது, யாருகிட்ட கத உடற?"

"ராயக்கோட்டைக்கே போய் வாங்கிக்கோங்க!"

"போவன்டா, போவ மாட்டனா?"

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அன்றைக்கு வாங்கிய தக்காளியில் பாதி சொத்தை. அண்ணன் வேண்டுமென்றே போட்டிருக்கிறார்: மறுநாள் சண்டைக்கு.

அதிலிருந்து தினமும் இதே கூத்துதான். பாத்ரூமுக்கு யாரும் கூடப் போவதில்லை. போனால் திட்டு விழும். ஆனால் என் முதுகு வலி மட்டும் அப்படியே இருக்கிறது. இதை லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருக்கும்போதே பால்கனியிலிருந்து கத்துகிறார், "ஏன்டி, இன்னும் குந்தினுதான் இருக்கியா?"

கூடை கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. அத்தையின் நாற்காலியில் இப்போது காய்ந்த துணிதான் கிடக்கிறது.