தகரம் வாங்கி எடுத்த விமான டிக்கெட்

"என்னங்க, ஆஸ்பத்திரியில யாராச்சும் இருக்காங்களா? காலையில இருந்து போனையே பார்த்துக்கிட்டு இருக்கீங்க."

சமீபத்தில் ஒருநாள் ஸ்டாஃப் ரூமில் பக்கத்து மேசை சுமதி டீச்சர் என்னிடம் இப்படிக் கேட்டார். ஆஸ்பத்திரியில் யாரும் இல்லை. நான் காத்துக்கொண்டிருந்தது விமான மைல்ஸுக்கு. இதை எப்படி அவரிடம் சொல்வது? வட்டகொடையில் இருந்து பஸ்ஸில் வந்து படிப்பிக்கிற டீச்சருக்கு விமானத்தில் என்ன வேலை?

கதை ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஆரம்பித்தது. ஒரு வங்கி குடை விரித்து ஆள் பிடித்துக்கொண்டிருந்தது. டை கட்டிய தம்பி ஒருவர் வழிமறித்தார். "மிஸ், இந்தக் கார்ட எடுங்க. மூணு மாசத்துல நாங்க சொல்ற அளவுக்குச் செலவு பண்ணுனா போதும். வெளிநாடு போய் வர்ற அளவுக்கு மைல்ஸ் கிடைக்கும். காசுக்குப் பதிலா அதக் குடுத்தே விமான டிக்கெட் எடுக்கலாம்."

வீட்டில் என் கணவர் ராஜன் சிரித்தார். "ஓசியில எவன் குடுப்பான்? எங்கயாச்சும் ஒரு கொக்கி இருக்கும், பாரு."

கொக்கி இருந்தது. வருடக் கட்டணம் முதல் வருடத்துக்கு மட்டும்தான் இலவசம். ஒருமாதம் பாக்கி வைத்தால் வட்டி, மைல்ஸின் பெறுமதியை விழுங்கிவிடும். நான் இரண்டையும் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். மனதுக்குள் சிங்கப்பூர் ஓடிக்கொண்டிருந்தது. நானும் அவரும், ஒருதரம்... அவ்வளவுதான்.

கார்ட் வந்த பிறகுதான் அடுத்த பிரச்சினை. எங்கள் ஊரில் அதை எங்கே தேய்ப்பது? மீன்காரர், மரக்கறிக் கடை, ஸ்கூல் வேன் – எல்லாம் காசு. நாட்கள் ஓடின. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு சனிக்கிழமை டவுனில் பெரிய டிவி ஒன்றின் முன்னால் வெகுநேரம் நின்றேன். வீட்டில் நல்ல டிவி இருக்கிறது. இருந்தாலும் கை கார்டைத் தேடியது. இலவச டிக்கெட்டுக்காகத் தேவையில்லாத டிவி வாங்கினால், அந்த டிக்கெட் இலவசமா? நீங்களே சொல்லுங்கள்.

திரும்பி நடந்தேன். குசினிக் கூரை ஒழுகுவது நினைவுக்கு வந்தது. மழைக்கு முன்னால் எப்படியும் மாற்றித்தான் ஆகவேண்டும். நேரே ரியாஸ் நானாவின் ஹார்ட்வெயார் கடைக்குப் போனேன்.

"கார்ட்டுன்னா கொஞ்சம் கூட வரும், டீச்சர்" என்றார்.

"அப்படின்னா தகரம், சிமெந்து எல்லாத்தையும் வேற கடையில எடுக்கிறேன், நானா."

அவர் மெஷினை என் பக்கம் தள்ளினார். "சரி, போடுங்க. பழகின ஆளு."

மீதிக்கு ஸ்டாஃப் ரூம் கைகொடுத்தது. யாராவது கட்டில் வாங்கினால், ஃபிரிட்ஜ் வாங்கினால், நான் கூடப்போய்க் கார்டைத் தேய்ப்பேன். அவர்கள் காசை என் கையில் தருவார்கள். அன்றைக்கே அது வங்கிக்குப் போகும். அந்தக் காசில் கை வைக்கவில்லை என்று ராஜன் பக்கத்தில் நின்று உறுதிப்படுத்துவார். கெடு முடிவதற்குள் இலக்கைத் தொட்டுவிட்டேன்.

அந்த வாரமே நிவேதாவுக்குப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்யும் திகதி வந்தது.

நிவேதா என் தங்கை ஜீவாவின் மகள். புருஷன் இறந்த பிறகு ஜீவா மஸ்கட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். பிள்ளை எங்களிடம் வளர்ந்தது. எங்கள் குடும்பத்திலேயே பல்கலைக்கழகம் போகிற முதல் ஆள் அவள்தான்.

ஜீவா போனில் பேசினாள். "அக்கா, மேடம் லீவு தந்துட்டாங்க. டிக்கெட் நாமதான் போடணும். விலையப் பார்த்தேன்... வேணாம்க்கா. அந்தக் காசு புள்ளையோட போர்டிங்குக்கு ஆகும். நான் வீடியோல பார்த்துக்கிறேன்."

"அவசரப்படாத. ரெண்டு நாள் பொறு" என்றேன்.

மைல்ஸை என் பெயருக்குத்தான் பாவிக்க வேண்டும் என்றில்லை. வேறு ஒருவருக்கும் டிக்கெட் போடலாம். விலை உச்சியில் இருக்கும்போது, கடைசி நேரத்தில், காசுக்குப் பதில் மைல்ஸ் கொடுப்பதில்தான் அதன் முழுப் பெறுமதியும் இருக்கிறது. ஆனால் மைல்ஸ் இன்னும் கணக்கில் ஏறவில்லை. மைல்ஸுக்கு ஒதுக்கிய சீட்டோ, நாங்கள் கேட்ட நாளில் ஒன்றே ஒன்று.

சுமதி டீச்சர் பார்த்தது அந்த நாளைத்தான். போர்டில் எழுதுவேன், போனைப் பார்ப்பேன். வங்கிக்கு அழைத்தால் பாட்டுப் போடுவார்கள். கடைசியில் ஒரு பெண் சிங்களத்தில், "டிக்கக் இவசன்ன, மிஸ்" என்றாள். கொஞ்சம் பொறுக்க வேண்டுமாம். சீட்டு பொறுக்குமா?

பொறுக்கவில்லை. மைல்ஸ் ஏறிய மாலை அந்தச் சீட்டு போய்விட்டது. அதற்கு முந்தைய நாள் விமானத்தில் ஒன்று இருந்தது. ஜீவாவை அழைத்தேன். ஒரு நாள் முன்னதாகக் கிளம்பலாமா என்று அவள் மேடத்திடம் கேட்கப் போனாள். நான் குசினிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

"விடுறாங்கக்கா. திரும்பி வந்ததும் சேர்த்து வேலை செஞ்சு குடுக்கச் சொல்றாங்க."

பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரை ராஜன் எழுத்து எழுத்தாகச் சொன்னார், நான் தட்டினேன். வரி தனியாகக் கட்ட வேண்டியிருந்தது – இலவச டிக்கெட்டிலும் அது உண்டு, மறந்துவிடாதீர்கள். போய்வர டிக்கெட் உறுதியானது. போனில் சொன்னதும் ஜீவா அழுதாள் என்று நினைக்கிறேன்.

வட்டகொடை ஸ்டேஷனில் அவள் இறங்கியபோது நிவேதா ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டு, "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டாள், விருந்தாளியைக் கேட்பதுபோல. ஜீவா அவளை அண்ணாந்து பார்த்தாள். மகள் அவளைவிட உயரமாகியிருந்தாள்.

பதிவு நாளன்று கேட்டில் காவலாளி தடுத்தார். ஒரு பிள்ளையுடன் ஒருவர்தான் உள்ளே போகலாம் என்று சிங்களத்தில் சொன்னார்.

உண்மையைச் சொல்கிறேன், என் கால் உள்ளே போகத்தான் பார்த்தது. முதலாம் வகுப்பிலிருந்து எல்லாக் கேட்டுக்குள்ளும் அவளோடு போனது நான்தானே?

"நீங்க போங்கக்கா. நீங்கதான் வளர்த்தீங்க" என்றாள் ஜீவா. நிவேதா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பெரியம்மா..." என்று இழுத்தாள்.

"அம்மாவ கூட்டிக்கிட்டுப் போ" என்றேன். இருவரும் உள்ளே நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் பிள்ளை அம்மாவின் கையைப் பிடித்தது. எனக்குப் பொறாமையா, சந்தோஷமா? இரண்டும்தான்.

வெளியே வந்ததும் ஜீவா என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உள்ள பதிவு பண்ற மிஸ் ஒருத்தங்க கேட்டாங்கக்கா. நிவேதாவோட அம்மாவா, இத்தன வருசமா பெரியம்மா பேருதானே ஸ்கூல் பேப்பர் எல்லாத்துலயும் இருக்கு, நீங்க எங்க இருந்தீங்கன்னு."

"என்ன சொன்ன?"

"நான் பேசுறதுக்குள்ள இவளே சொல்லிட்டா. 'அம்மா எனக்காக வேலைக்குப் போயிருந்தாங்க'ன்னு."

மைல்ஸ் சேர்க்கிற நாம் எல்லோரும் எங்கே போகலாம் என்றே யோசிக்கிறோம். யாரை வரவழைக்கலாம் என்றும் ஒருதரம் யோசித்துப் பாருங்களேன்.