ஒன்பது பேரும் மூன்றாந்தரம்

ரப்பர் தோட்டத்தில் பால் நிறுக்கிறவனை யாருக்கும் பிடிக்காது. பால் குறைந்தால் மரத்தைத் திட்டமாட்டார்கள், தராசைத்தான் திட்டுவார்கள். எங்கேயாவது வேலை பார்த்து, யாராவது உங்களுக்கும் மார்க் போட்டிருந்தால், இந்தக் கதையில் நீங்களும் எங்கள் கட்சிதான்.

புளத்கொகுபிட்டியப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தைக் கம்பெனி எடுத்த புதிது. ஒருநாள் காலை, வேலைக்குப் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் நின்றவர்கள்: செக்ரோலில், அதாவது நிரந்தரத் தொழிலாளர் பதிவேட்டில், பேர் உள்ள பால்வெட்டுக்காரர் ஒன்பது பேர், பேர் இல்லாமல் கைக்காசுக்கு வெட்டும் புஷ்பமும் கிராமத்துச் சோமபாலவும், கங்காணி, கொழும்பிலிருந்து கம்பெனி அனுப்பிய உதவி மேனேஜர் சின்னத்துரை, நான். ஆகப் பதினாலு. கங்காணியின் நாயைச் சேர்க்கவில்லை.

மூன்று நிறம்

சின்னத்துரை ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே சட்டையில் குத்தும் பேட்ஜ்: தங்கநிறம் மூன்று, நீலம் மூன்று, வெள்ளை மூன்று. மாதக் கடைசியில் முதல்தரம், இரண்டாந்தரம், மூன்றாந்தரம் என்று பிரிப்பாராம். முதல் இரண்டு தரத்துக்கும் சம்பள ஏற்றம். கைக்காசு ஆட்களுக்கு ஏற்றம் கிடையாது. ஆனால் அவர்களில் ஒருவர் எல்லாரையும்விட அதிகம் பால் கொடுத்தால் செக்ரோலில் பேரைப் பதிவு செய்வாராம்.

புஷ்பம் கைக்குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பேர் இருந்தால் தொழிலாளர் லயத்தில் ஒரு காம்பரா, ஒரு தனி அறை, கிடைக்கும். அவள் அதுவரை நாத்தனார் காம்பராவின் மூலையில்தான் படுத்தாள். பேர் இல்லாவிட்டால், மரம் இலை உதிர்த்துப் பால் குறையும் காலத்தில் “நாளைக்கு வரவேண்டாம்” என்று முதலில் சொல்வது அவளிடம்தான். மற்றவர்கள் ஏற்றம் எவ்வளவு என்று கேட்டார்கள். சின்னத்துரை சொன்னார். அவர்களில் காளியம்மா கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்:

“அந்தக் காசுக்கு மரமே சிரிக்கும் தொரே. எனக்கு வெள்ளையே குத்துங்க, சீலைக்குப் பொருந்தும்.”

முகமலர்ச்சி

பாலுக்கு மட்டுமல்ல, சுத்தத்துக்கும் முகமலர்ச்சிக்கும் மார்க் உண்டு. விடியுமுன் அட்டைக்கடியோடு மலையேறுகிறவர்களுக்கு முகமலர்ச்சி! சின்னத்துரையின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் மலை முழுக்கப் பல் தெரியும். சத்தம் தேய்ந்ததும் மூடிக்கொள்ளும். முன்பல் இல்லாத ராமையா மட்டும் சத்தம் தேய்ந்த பிறகும் சிரித்தபடி நின்றார். ஏன் என்று கங்காணி கேட்டார்.

“வாய் மாட்டிக்கிச்சு கங்காணி. இப்படியே வீட்டுக்குப் போனா பொண்டாட்டி எவகிட்டப் பேசிட்டு வந்தேன்னு கேப்பா.”

பலா மரத்தடி

பால் ஸ்டோர் வாசலில் பலா மரத்தடியில் வாளிகளை வரிசையாக வைப்பார்கள். புஷ்பம் வாளியை வைத்துவிட்டு, குழந்தைக்குப் பால் கொடுக்கப் தோட்டத்துப் பிள்ளைகளை விட்டுவைக்கும் பிள்ளைக்காம்பராவுக்கு ஓடுவாள். ஒருநாள் அந்த நேரம் காளியம்மா தன் வாளியிலிருந்து ஒரு தேங்காய்ச் சிரட்டைப் பாலை அவள் வாளியில் ஊற்றினாள். “நீங்க ஒண்ணும் பாக்கலண்ணே” என்றாள். சரி என்றேன். அவள் பைப்புக்குக் கை கழுவப் போனதும் ராமையா வந்து ஒரு சிரட்டை ஊற்றினார். அதே பேச்சு. வாரம் முடிவதற்குள் ஒன்பது பேரும் அப்படி வந்துபோனார்கள்; பிறகு தினமும் அதுதான். ஒவ்வொருவருக்கும் தான் ஒருவர்தான் என்று நினைப்பு. கிராமத்தில் சொந்த ரப்பர் காணி இருப்பதால் பேர் தேவைப்படாத சோமபாலவும் தன் வாளியிலிருந்து ஊற்றினான்.

வாளியில் இருப்பதை நிறுப்பது என் வேலை; அதில் ஒரு கிராம் பிசகவில்லை. வாளி வழிந்ததும் கங்காணி எங்கேயோ பார்த்தபடி புஷ்பத்திடம் இரண்டாவது வாளியைக் கொடுத்தார். அவள் இரண்டையும் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“அண்ணே, மரத்துக்கு எம்மேல பிரியமா, இல்ல ஒங்க தராசுக்குக் காய்ச்சலா?”

ஆராய்ச்சி

கடைசி வாரம் சின்னத்துரை, இத்தனை பால் எப்படி என்று அவள் மரங்களைப் பார்க்க வந்தார். மண்ணை ஒரு பையில் அள்ளினார். மரத்தைத் தட்டினார். பிறகு, “என் முன்னால வெட்டு” என்றார். நானும் பக்கத்து மரக்காரர்களும் கிட்டப் போனோம். அவள் சிரட்டையில் விழப்போவது மற்ற எல்லாச் சிரட்டையிலும் விழுகிற அளவு பால்தானே! சோமபால முன்னால் வந்து, “அநே மாத்தயா” என்று சிங்களத்தில் துரையைக் கெஞ்சி, “பாத்துட்டு நின்னா மரம் வெக்கப்படும்” என்றான்.

புஷ்பம் கத்தியைப் பட்டையில் வைத்தாள். வெங்காயத்தோல் மாதிரி ஒரே சீவல்; மரத்தில் ஒரு காயமில்லை. சின்னத்துரை அந்தச் சீவலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். சிரட்டையைத் திரும்பியே பார்க்கவில்லை.

“கண்டுபிடிச்சிட்டேன்! இதுதான் காரணம்!”

தரம் பிரித்த நாள்

புஷ்பம் முதலிடம். பேர் பதிந்தார்கள், காம்பராச் சாவி கொடுத்தார்கள், தங்கநிற பேட்ஜ் குத்தினார்கள். குழந்தை அதைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டது. அவள் பாலுக்குப் பக்கத்தில் யாரும் வராததால் மற்ற ஒன்பது பேரும் மூன்றாந்தரம். ஏற்றம் ஒருவருக்கும் இல்லை. இருந்த வெள்ளை பேட்ஜ் மூன்றுதான். ஒன்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். “அடி பாவி, நீயுமா?” என்று ராமையா காளியம்மாவைக் கேட்டார். அப்புறம் சிரித்த சிரிப்புக்கு முகமலர்ச்சி மார்க் போட்டு முடியாது.

மறுநாள் புஷ்பத்தின் வாளி பாதிதான். சின்னத்துரை தராசைத் தட்டிப் பார்த்தார். “பேர் பதிஞ்சதும் பால் கொறஞ்சிடுச்சே?” காளியம்மா வெள்ளை பேட்ஜைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்:

“செக்ரோல்ல பேர் வந்தா எல்லாருக்கும் அப்படித்தான் தொரே. எங்களப் பாருங்க.”

தரம் பிரித்த அந்த ஒரு மாதத்தில் தோட்டத்தின் மொத்தப் பால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பெட்டியில் மீந்த பேட்ஜ், தங்கம் இரண்டு, நீலம் மூன்று, ஆக ஐந்து.