புங்கமரமும் மத்தியப் பிரதேசத்துப் பறவையும்

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் டைப் செய்து நம் குவார்ட்டர்ஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறாள்.

எதிர் குவார்ட்டர்ஸ் ஆபீசருக்குக் கார் நிறுத்த இடைஞ்சலாம். எங்கள் வாசலில் நிற்கும் புங்கமரத்தை வெட்ட இன்று காலை ஆள் வந்துவிட்டான்.

அந்தக் கன்றை வைத்தது நான். மகனுக்கு மைன்ஸில் பெர்மனென்ட் ஆன வருஷம். நாலாவது வருஷக் கார்த்திகையில் அதில் ஒரு குருவி வந்து உட்கார்ந்தது. கறுப்புத் தலை, செங்கல் நிற உடம்பு, முழ நீளத்துக்கு வால். அதற்கப்புறம் ஒரு கார்த்திகையும் தவறியதில்லை.

இன்றைக்கும் வந்திருந்தது. ஆபீசரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"தாத்தா, இது எங்க மத்தியப் பிரதேசத்து மாநிலப் பறவை" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "நான் புக்லதான் பாத்திருக்கேன்."

"வருசா வருசம் இந்த மரத்துக்குத்தாங்க வருது. உங்க ஊரு விருந்தாளிங்க" என்றேன். மரம் பிழைத்தது என்று நினைத்தேன்.

அவர் வெட்டுகிறவனிடம் கையைக் காட்டி, "பத்து நிமிஷம் நில்லுப்பா, போட்டோ எடுத்துக்கறேன்" என்றார்.

எடுத்தார். ஊருக்கெல்லாம் அனுப்பிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

"அதான் நிக்கச் சொன்னாரே" என்றேன் வெட்டுகிறவனிடம்.

"பத்து நிமிசம் ஆயிடுச்சு பெருசு. நவுந்துக்க. பேசிகினு நின்னா எனக்கு அடுத்த பிளாக் வேலை கெட்டுடும்."

மத்தியானத்துக்குள் அடிக்கட்டைதான் மிச்சம். அந்தப் போட்டோ மருமகள் போனுக்கும் வந்திருக்கிறது. குருவியைவிடக் கிளைதான் தெளிவாக விழுந்திருக்கிறது.

உங்கள் பிளாக்கில் கார் இல்லாத வீட்டு வாசலில் புங்கமரம் இருந்தால் கீழே எழுதுங்கள். நாளைக் காலையில் குருவி வந்து கேட்டால் விலாசம் சொல்ல வேண்டும்.