பூக் கேட்டுத் திறந்த மெஸ்

எங்கள் ஊருக்கு வளர்ச்சி வரும்போதே பசியோடுதான் வந்தது. சோமனூர்ப் பக்கத்துத் தறிச் சத்தத்தில் பாதித் தூக்கம் தூங்கிக்கொண்டிருந்த ஊர் இது. கோயமுத்தூர் காந்திபுரத்துக்கு ஒரே டவுன் பஸ். அதுவும் டிரைவர் மனசு வைத்தால் வரும். ரோட்டை அகலப்படுத்திய கையோடு சோளக்காடெல்லாம் குடோன் ஆனது. ஆன்லைனில் யார் சட்டை வாங்கினாலும் அது எங்கள் ஊரில் இறங்கி ஏறித்தான் போகிறதாம். அதை ஏற்றி இறக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் மத்தியானத்தில் பேக்கரி பஃப்ஸும் டீயும்தான்.

நாம் சமைத்துப் போட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. நான் செய்யும் அரிசிபருப்புச் சாதத்தை எங்கள் சொந்தபந்தம் புகழ்ந்து புகழ்ந்தே ஓசியில் தின்று தீர்த்திருக்கிறது. எனக்கென்று ஒரு வேலை, என் பேச்சு எடுபடுகிற ஒரு இடம் வேண்டுமென்று ரொம்ப நாளாகவே ஏங்கிக்கொண்டிருந்தேன்.

விஷயம் மாமியார் காதுக்குப் போனது. பங்காளிகள் எல்லாம் கூடியிருந்த ஒரு விருந்தில், பந்தி நடக்கும்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "காட்டு வேலைக்கு வந்தவங்களுக்கெல்லாம் சும்மா சோறு போட்ட ஊடுங்க இது. இன்னைக்குச் சோத்த வித்துத் திங்கோணுமா? நான் இருக்கற வரைக்கும் அது நடக்காதுங்க."

சும்மா போட்ட சோறுதானா என்பதை வேலைக்கு வந்தவர்களைக் கேட்டால் தெரியும். என் வீட்டுக்காரர் இலையிலிருந்த ரசத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

கொஞ்ச நாளில் குடோனுக்கு எதிரே ஒரு கடை காலியானது. வேறு ஆள் கேட்கிறார், ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள் என்றார் கடைக்குச் சொந்தக்காரர். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பாத்திரங்களோடு சண்டை போட்டேன். அந்தச் சத்தம் தாங்காமலோ என்னவோ, மாமியாரே பேச்சை எடுத்தார். "ஆத்தாகிட்டயே பூக் கேட்டுப்போடலாம்."

வீட்டுக்குள் தீராத விஷயத்தை எங்கள் பக்கத்தில் இப்படித்தான் தீர்ப்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டி, அம்மன் முன்னால் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் அதோடு சரி, மறுபேச்சு கிடையாது.

"பூவ ஊட்லயே பறிச்சு நானே கட்டிக் கொண்டாரேன்" என்றார் மாமியார். எதிர்க்கட்சியே ஓட்டுப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால் யார்தான் நம்புவார்கள்.

கோயிலுக்குப் பங்காளிகளும் வந்திருந்தார்கள். சாமி கும்பிட வந்த ஒரு சின்னப் பெண் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பூசாரி பிரித்துப் பார்த்து, "வெள்ளைங்க" என்றார். மல்லிகை.

மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தாளே உத்தரவு குடுத்துப்போட்டா. இனி நான் சொல்றதுக்கு என்னங்க இருக்குது?" என்று பங்காளிகளைப் பார்த்து ஒரு பெருமூச்சும் விட்டார். மற்றப் பொட்டலத்தைப் பூசாரி எடுப்பதற்குள் தானே எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

சந்தோஷத்தில் எனக்கு நடந்து வந்ததே தெரியவில்லை. வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. எங்கள் வீட்டில் சிவப்புப் பூ என்று இருந்ததே வாசலோரச் செவ்வரளி ஒன்றுதான். ரோட்டை அகலப்படுத்த வந்த பொக்லைன் அதை வேரோடு பிடுங்கி எறிந்து மாசக்கணக்காகிறது. அது நின்ற இடத்தில் இப்போது தார்தான் இருக்கிறது.

"ஏனுங்கத்தை, செவப்புப் பூவ எங்கீங்க பறிச்சீங்க?"

அவர் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். பங்காளிகள் யாரும் இல்லை. இடுப்புப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். அதிலும் மல்லிகைதான். அதை என் தலையில் வைத்துவிட்டார்.

"நாலு பேரு முன்னால சொன்ன சொல்லு கண்ணு. அத நானா எப்புடித் திருப்பி எடுக்கறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் குடோன் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அழுதது போதும், போய்க் கடைக்காரருக்குப் போனப் போடு. அந்தப் புள்ளைங்களுக்கு ரசத்தத் தண்ணியா வெச்சு என் மானத்த வாங்கீராத."